அம்மாவுக்கு, டாக்டர்ட்ட போயிட்டு வந்த கதை

அம்மா,

போன்ல நீ கேட்டப்ப லேசா தொண்டை கரகரப்பு, வேற ஒண்ணுமில்லனு சொன்னேன்ல, அது பொய். டாக்டர பாத்துட்டு வந்துட்டேன். பதறாத, முழுசா படி.

இங்க இங்கிலாந்துல நெனச்சதும் போயி டாக்டர் முன்னாடி உக்கார முடியாதுமா. எங்க ஏரியா கிளினிக்ல காலைல கரெக்டா 8 மணிக்கு போன் போடணும், அதே 8 மணிக்கு ஏரியால இருக்கற அத்தன தொண்டையும் போன் போடும், எனக்கு க்யூல 23வது எடம். லைன் கெடச்சா ரிசப்ஷன் அம்மா என்ன பிரச்சனைங்கறாங்க, நான் பஸ்ல நின்னுகிட்டு குசுகுசுனு சொல்ல, சத்தமா சொல்லுங்கங்கறாங்க. இப்போ மொத்த பஸ்ஸுக்கும் என் தொண்டை கத தெரியும்.

உள்ள போனா 10 நிமிஷம்தான். டாக்டர் கேட்ட மொத கேள்வியே, "இது என்னவா இருக்கும்னு நீங்க நெனக்கறீங்க?" தூக்கிவாரிப் போட்டுச்சு. அது தெரிஞ்சா நான் ஏன்யா உன்கிட்ட வரேன்! அப்புறம் ஃப்ரெண்டு சொன்னான், நோயாளி மனசுல என்ன பயம் இருக்குனு கேக்கச் சொல்லி இவங்களுக்கு ட்ரெய்னிங்லயே சொல்லித் தர்றாங்களாம். நானும் விடல, ராத்திரி பூரா கூகுள்ல தேடி வச்சிருந்த மூணு பெரிய வியாதியையும் மனப்பாடமா ஒப்பிச்சேன். மனுஷன் சிரிக்காம கேட்டாரு பாரு, அதுக்கே ஒரு கும்பிடு போடலாம். டார்ச் அடிச்சு பாத்துட்டு, வைரஸ்தான், ஆன்டிபயாட்டிக் இதுக்கு வேலைக்காகாது, ஒரு வாரத்துல தானா போயிடும், பாராசிட்டமால் போதும்னுட்டாரு. எனக்கு நிம்மதிய விட ஏமாத்தம்தான் ஜாஸ்தி.

அப்புறம் பிபி பாத்தா 150. வீட்ல மெஷின்ல பாத்தா 124தான் காட்டும். டாக்டர பாத்ததும் ஏறுற பிபிக்கு வெள்ளை கோட்டு பிபினு பேராம். இவரு கோட்டே போடல, சட்டக் கைய முழங்கைக்கு மேல மடிச்சு விட்டுகிட்டு உக்காந்திருக்காரு, பிபி மட்டும் கோட்டு இருக்கறதா நெனச்சு ஏறுது.

கதவுகிட்ட போயி கைப்பிடில கை வச்சப்பதான், "ஆங் டாக்டர், ரெண்டு மாசமா சரியா தூக்கமே வரல"னு வாய்ல வந்துச்சு. அவரு டைப் பண்றத நிறுத்திட்டு, திரும்பி உக்காரச் சொன்னாரு. "எல்லாரும் இப்படித்தான், கைப்பிடிய புடிச்சதுக்கப்புறம்தான் நெஜமா எதுக்கு வந்தாங்களோ அதச் சொல்வாங்க"னாரு. எனக்கு பின்னாடி வெளிய உக்காந்திருந்தவங்க என்ன திட்டினாங்களோ, 20 நிமிஷம் பேசினோம்.

இப்போ தொண்டை சரியாயிடுச்சு. நீ உன் பிபி மாத்திரைய மறக்காம போடு, டாக்டர் கேட்டா தெனமும் போடறேன்னு பொய் சொல்லாத, உன் மூஞ்சிலயே தெரியும்.

சரிமா, வேலைக்கு நேரமாச்சு, முடிக்கறேன்.

ஆங் அம்மா, இன்னொண்ணு. டிசம்பர்ல லீவு தரல. டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்.