என் மகளுக்கு வகிடு எடுத்துவிட்ட அக்காவுக்கும் மற்ற அனைவருக்கும்

எங்கள் தெருவில் வாழும் அனைவருக்கும், என்னுடன் பணிபுரியும் நண்பர்களுக்கும், முகம் தெரியாமலேயே உதவியவர்களுக்கும் வணக்கம்.

என் மனைவி கடந்த வியாழக்கிழமை மாலை வீடு திரும்பிவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறை வரை நடக்கிறார். நேற்றுக் காலை இரண்டு இட்லி சாப்பிட்டார். அந்த 34 நாள்களை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, ஏனென்றால் அவற்றை என்னைவிடத் தெளிவாக நினைவில் வைத்திருப்பவர்கள் நீங்கள்தான். கை நடுக்கம் இன்னும் முழுதாக நிற்காத நிலையில் எழுதுகிறேன். சொல்லில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் கொடுத்த 11 பேருக்கும், நள்ளிரவில் மூன்று முறை எங்களை ஏற்றிச் சென்றும் காசு வாங்க மறுத்த ஆட்டோ அண்ணனுக்கும், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஊசி மருந்தைக் கையில் கொடுத்தனுப்பிய மருந்துக் கடைத் தம்பிக்கும், பள்ளிவாசலில் துஆ செய்தவர்களுக்கும், ஞாயிறு ஆராதனையில் எங்களுக்காக மன்றாடியவர்களுக்கும் என் நன்றி. பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைக்குச் சென்ற எதிர்வீட்டு அம்மா, குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது சொல்லத் தெரியாமல், சுவாமி பேருக்கே செய்துவிட்டேன் என்று திருநீற்றுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். நான் முஸ்லிம் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பொட்டலம் இன்னும் என் பணப்பையில்தான் இருக்கிறது.

சிகிச்சைக்காகச் சென்னைக்கு வரும் தான்சானியா, கென்யா நாட்டு நோயாளிகளுக்கு மருத்துவர் சொல்வதைச் சுவாகிலியில் எடுத்துச் சொல்வதே என் தொழில். எத்தனையோ கணவர்களிடம், எத்தனையோ தாய்மார்களிடம், மிகக் கடினமான செய்திகளைக் குரல் மாறாமல் சொல்லியிருக்கிறேன். அதே செய்தியை மருத்துவர் என்னிடம் சொன்ன அன்று எனக்கு எந்த மொழியும் புரியவில்லை. என் நோயாளிகளைத் தாங்களாகவே பகிர்ந்துகொண்டு, எனக்கு ஒரு தொலைபேசி அழைப்புகூட வராமல் பார்த்துக்கொண்ட சக மொழிபெயர்ப்பாளர்கள் அதைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் நான் கடன்பட்டவன். ஆயினும் இந்த மடலை எழுத உட்கார்ந்தபோது மனத்தில் முதலில் வந்து நின்றவர் மூன்றாவது வீட்டு அக்கா. அவர் செய்தது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மிகச் சிறிய காரியமாகத் தோன்றும். அது ஏன் எங்களுக்குப் பெரிதாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், இந்த ஊரில் எங்கள் அன்றாடம் எப்படிப்பட்டது என்பதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் பிறந்தது தான்சானியாவின் கடற்கரை நகரமான டாங்காவில். 2013-இல் சிதம்பரத்துக்குப் படிக்க வந்தேன். தேநீர்க் கடையிலும் மெஸ்ஸிலும் பேசப் பழகி, எழுத்துக் கூட்டித் தினத்தந்தி படித்துத் தமிழ் கற்றேன். 2016 ஜனவரி 31 இரவு பெங்களூரில், ஒரு சூடான் மாணவரின் கார் மோதி ஒரு பெண்மணி இறந்த இடத்துக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து வந்த எங்கள் நாட்டு மாணவி ஒருவரை, அந்த விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவரை, ஒரு கூட்டம் காரிலிருந்து இறக்கித் தாக்கிக் காரையும் கொளுத்தியது. என் தாய் தொலைபேசியில் அழுது, திரும்பி வந்துவிடு என்றார். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் கிரேட்டர் நொய்டாவில், ஒரு சிறுவனைக் காணவில்லை என்றதும் நைஜீரிய மாணவர்களை நரமாமிசம் தின்பவர்கள் என்று சொல்லி வதந்தி பரப்பினார்கள். சில நாள்களில் ஆப்பிரிக்க மாணவர்கள் பலர் அடிபட்டார்கள். எனக்குச் சிதம்பரத்தில் அப்படி எதுவும் நேரவில்லை. ஆனாலும் அதன் பிறகு எந்த இடத்தில் நான்கு பேர் கூடி நின்றாலும் என் கால்கள் தாமாகவே எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுகின்றன. இன்றும் அப்படித்தான்.

சென்னைக்கு வந்த பிறகு எனக்கு நேர்ந்தவை பெரும்பாலும் சிறியவை. பேருந்து நிரம்பி வழியும்போதும் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருக்கும். தொலைபேசியில் என் தமிழைக் கேட்டு வரச் சொன்ன வீட்டு உரிமையாளர்கள், நேரில் பார்த்ததும் சொந்தக்காரருக்கு விட்டுவிட்டோம் என்பார்கள். கடற்கரையில் கேட்காமலே தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். இவற்றை நான் தாங்கிக்கொள்ளப் பழகியிருந்தேன். என் மகளுக்கு நேர்வதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த ஊரிலேயே பிறந்த ஆறு வயதுக் குழந்தை அவள். ஷேர் ஆட்டோவிலும் ரயிலிலும் கல்யாண மண்டபத்திலும் யாராவது ஒருவரின் கை அவள் தலைக்கு வந்துவிடும். அழுத்திப் பார்ப்பார்கள், உண்மையான முடிதானா என்று சுருளை இழுத்துப் பார்ப்பார்கள். அவர்களில் பலர் அன்போடுதான் அப்படிச் செய்தார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் குழந்தைக்கு அது தெரியாது. ஐந்து வயதிலிருந்து அவள் வெளியே வரும்போதெல்லாம், சித்திரை வெயிலிலும், குல்லாய் போட்டுக்கொண்டுதான் வருவாள்.

அவளுடைய முடியை அவள் தாய் மட்டுமே பின்னிவிடுவார். தாய் மருத்துவமனையில் கிடந்த ஒன்பதாம் நாள், பின்னல்கள் எல்லாம் பிரிந்து சிக்கேறிப் போயிருந்தன. தலையை ஒழுங்காக வாரி அனுப்பும்படி வகுப்பு ஆசிரியை நாட்குறிப்பில் எழுதியிருந்தார். வாசற்படியில் அவளை உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த முறையில், உலர்ந்த முடியில் சீப்பை விட்டு இழுத்தேன். அவள் சத்தம் போடாமல் அழுதாள். எனக்கும் கண் மறைத்தது. சீப்பின் இரண்டு பற்கள் உடைந்து முடியிலேயே நின்றுவிட்டன.

அப்போதுதான் பால் பாக்கெட்டுடன் அக்கா வந்தார். அதுவரை நாங்கள் வணக்கம் சொல்லிக்கொள்வதோடு சரி. பால் பாக்கெட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அவர் கேட்டார்: “பாப்பா, அத்தை உன் முடியைத் தொடலாமா?”

இந்த ஊரில் என் மகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவள் உடனே பதில் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் கைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அக்கா அவசரப்படுத்தாமல், கையை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. ஆனால் 34 நாள்களில் எனக்கு மூச்சு சீராக வந்த நேரம் அதுதான். பிறகு அவள் தலையாட்டினாள்.

டாங்காவிலிருந்த என் மாமியாரை வாட்ஸ்அப்பில் அழைத்தேன். இங்கே மாலை 6 மணி. அங்கே பிற்பகல் மூன்றரை. பேசியைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து நிறுத்தி, அவர் சுவாகிலியில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். முடியை நனைத்துக்கொள்ள வேண்டும், நான்காகப் பகுத்து முடிந்துகொள்ள வேண்டும், நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே வேரை நோக்கி வர வேண்டும், தேங்காய் எண்ணெயைச் சற்றே சூடாக்கித் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் என்றதும் அக்கா, அதற்கு மொழிபெயர்ப்பு எதற்குத் தம்பி, ‘நாசி’ என்று அவர்கள் சொன்னபோதே குடுவையைக் காட்டினார்களே என்றார். இரண்டு கரைகளிலும் தென்னை வளர்த்தவர்களின் பேச்சு அதன் பிறகு என்னை அதிகம் எதிர்பார்க்கவில்லை. வகிடு எடுக்க நல்ல சீப்பு இல்லை. துடைப்பத்து ஈர்க்கு வேண்டாம், புதிதாகவே எடுக்கிறேன் என்று தென்னை ஓலையைக் கிழித்து ஈர்க்கு எடுத்து வந்தார். அதன் முனையால் நெற்றியிலிருந்து பின்கழுத்துவரை அவர் கோடு இழுக்க, கோட்டின் இருபுறமும் எண்ணெய் மின்னியது. நடுவில் மூன்றாவது விசிலுக்குக் குக்கரை அணைக்கும்படி தம் மகனுக்குக் குரல் கொடுத்தார். பின்னி முடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. முதல் பின்னல் கோணலாக வந்தது. மாமியார் பிரிக்கச் சொன்னார், பிரித்து மறுபடியும் பின்னினார். பிறகு ஞாயிறுதோறும் வந்தார்.

என் மகள் அவரை அத்தை என்று அழைப்பதை மாமியாருக்கு விளக்க நான் சிரமப்படவில்லை. எங்கள் மொழியிலும் தந்தையின் சகோதரிக்கு ‘ஷங்காசி’ என்று தனிச் சொல் உண்டு, தாயின் அக்காள் ‘மாமா ம்குபுவா’, அதாவது பெரிய அம்மா, தாயின் தங்கை ‘மாமா ம்டோகோ’, சின்ன அம்மா, தாய்மாமனுக்கு ‘ம்ஜோம்பா’. என்னைத் தம்பி என்று அழைத்தவர் என் மகளுக்கு அத்தையாகத்தானே இருக்க முடியும் என்று மாமியார் உடனே முறை சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பில் ஒரு சிறுவன் உன் கறுப்பு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னதை என் மகள் அவரிடம் சொன்னாள். கறுப்பே அழகு, காந்தலே ருசி என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். நல்ல மனத்தோடு பலர் எங்களுக்குச் சொல்லும் ஆறுதல் அது. அக்கா அதைச் சொல்லவில்லை. தம்மைப் பெண் பார்க்க வந்தவர்கள் நிறம் கம்மி என்று இரண்டு முறை எழுந்து போனதையும், அன்று இரவு தம் தாய் பயத்தமாவைக் குழைத்து முகத்தில் அழுத்தித் தேய்த்ததையும் சொன்னார். “எரிஞ்சுது பாப்பா, ரொம்ப எரிஞ்சுது” என்றார். அவ்வளவுதான். குழந்தை திரும்பி அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்; தொடுவதற்கு முன்னால் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டாங்காவில் எங்கள் தெருமுனைக் கடைக்காரர் இந்திய வம்சாவளியினர். பணத்தைப் ‘பேசா’ என்றும் லட்சத்தை ‘லாகி’ என்றும் வண்டியைக் ‘காரி’ என்றும் அவருடைய முன்னோர் வழி வந்த சொற்களைப் பேசியபடியே, அவரை ‘முஹிந்தி’ என்ற ஒற்றைச் சொல்லால் மட்டுமே அழைத்து வளர்ந்தவன் நான். இந்தியர் என்பதே அதன் பொருள். அவர் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அவர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் அவர் பிள்ளைகளிடம், கேட்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

அக்கா, உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. முதல் நாள், இந்தப் பின்னலுக்கு என்ன பெயர் என்று கேட்டீர்கள். மாமியார் சொன்னார், நான் அதை மொழிபெயர்க்காமல், சாதாரணப் பின்னல் என்று மட்டும் சொன்னேன். என் தொழிலில் நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்ன ஒரே இடம் அது. அதன் பெயர் ‘த்வெண்டே கிலியோனி’. துக்க வீட்டுக்குப் போவோம் என்று பொருள். சாவுச் செய்தி வந்தால் அலங்காரமாகப் பின்ன நேரம் இருக்காது, அதனால் விரைவாகப் பின்னிக்கொண்டு கிளம்புவதற்கு ஏற்ற எளிய பின்னல் இது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். எளியது என்பதால்தான் மாமியார் அதைத் தேர்ந்தெடுத்தார். என் மனைவி இயந்திரத்தின் உதவியால் மூச்சு விட்டுக்கொண்டிருந்த அன்று அந்தப் பெயரைத் தமிழில் சொல்ல என் நாக்கு எழவில்லை.

இப்போது சொல்ல முடிகிறது. வியாழக்கிழமை என் மனைவி முதலில் பார்த்தது மகளின் தலையைத்தான். விரலால் ஒவ்வொரு வகிடாகத் தடவிப் பார்த்து, யார் பின்னியது என்று கேட்டார். வரும் ஞாயிறு மாலை வாருங்கள். அவரால் இன்னும் அதிக நேரம் உட்கார முடியாது. தலையணையில் சாய்ந்தபடி அவர் சொல்லித் தருவார், நீங்கள் பின்னுங்கள். இந்த முறை மொழிபெயர்க்க நான் தேவைப்பட மாட்டேன், அவருக்குத் தமிழ் நன்றாக வரும். பணியாரக் கல்லை மட்டும் கொண்டு வந்தால், அரிசி மாவிலும் தேங்காய்ப் பாலிலும் எங்கள் ஊர் ‘விதும்புவா’ சுட்டு வைக்கிறேன். குல்லாயை என் மகள் பத்து நாள்களாகத் தேடவில்லை. அது கொடியில் காய்கிறது.

நன்றியுடன்,
கடைசி வீட்டுத் தம்பி