வாகாவைத் தாண்டிப் போகிறவர்களுக்கு

சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வருஷா வருஷம் ஹியூம் நெடுஞ்சாலையில் மேலும் கீழும் போகிறீர்கள். கண்டகை நாய்ச் சிலை அருகே வண்டியை நிறுத்திப் புளியோதரை சாப்பிடுகிறீர்கள். அப்புறம் ஆல்பரி வரைக்கும் பிரேக்கில் கால் வைப்பதில்லை. தெற்கே வரும்போது டார்கட்டாவுக்குச் சற்று முன்னால் வலப்பக்கம் பிரியும் ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் எங்கள் ஊர், வாகா வாகா. வந்த வழியே திரும்பவும் வேண்டாம். ஒலிம்பிக் நெடுஞ்சாலை உங்களை ஆல்பரிக்குப் பக்கத்தில் மறுபடி ஹியூமில் சேர்த்துவிடும். ஒரு ராத்திரி தங்கிப் போங்களேன்.

இங்கே யாரும் பெயரை இரண்டு தடவை சொல்வதில்லை, ஒரு வாகா போதும். காகங்களின் ஊர் என்று பழைய வழிகாட்டிகளில் இருக்கும். இது பூர்வகுடிகளான விராஜுரி மக்களின் மண். நடனமும் கொண்டாட்டமும் என்றுதான் அவர்கள் பொருள் சொல்கிறார்கள். 2019இல் நகரசபையும் அதை ஏற்றுக்கொண்டது.

முதலில் பீச்சுக்கு வாருங்கள். ஆமாம், பீச்தான். மரம்பிட்ஜி ஆற்று வளைவில் ஒரு மணல்திட்டு, சுற்றிலும் யூகலிப்டஸ் மரங்கள். உள்ளூர்க்காரர் யாராவது சிரிக்காமல், "அஞ்சு மணிக்கு அணை திறப்பாங்க, பெரிய அலை வரும்" என்பார். நான் நம்பினேன். நாலே முக்காலுக்கே பிள்ளைகளோடு போய் நின்றேன். ஐந்தேகாலுக்கு ஒரு வாத்து நீந்திப் போனது.

அலைதான் இல்லையே தவிர இழுப்பு உண்டு. டியூபில் உட்கார்ந்து மிதந்து வருகிறவர்களைப் பார்த்து உடனே குதித்துவிடாதீர்கள். அடியில் மரக்கட்டைகள் கிடக்கும். 2012 மார்ச்சில் இதே ஆறு 10.56 மீட்டர் உயரத்தை எட்டி, நகரின் நடுப்பகுதியையே காலி செய்ய வைத்தது. வெள்ளத்தடுப்புக் கரை தாங்கியது. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடக்கு வாகா மூழ்கிவிட்டது.

கிரிக்கெட் பைத்தியங்களுக்கு ஒரு தகவல்: ஆஸ்திரேலியாவுக்காகச் சேர்ந்து ஆட்டத்தைத் தொடங்கிய மார்க் டெய்லர், மைக்கேல் ஸ்லேட்டர் இருவரும் வளர்ந்தது இங்கேதான். எண்ணெயில் பொரித்த சிற்றுண்டியான சிக்கோ ரோல் 1951இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததும் எங்கள் ஊர் விவசாயக் கண்காட்சியில்தான். சைவக்காரர்கள் கவனம், உள்ளே மாட்டிறைச்சி இருக்கும்.

ஜனவரியில் வந்தால் 40 டிகிரி வெயிலைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். செப்டம்பர் கடைசியில், பள்ளி விடுமுறையில் வாருங்கள். பக்கத்து ஊரான ஜூனிக்குப் போகும் சாலையில் இரண்டு பக்கமும் கனோலா மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். படம் எடுக்க வேலி தாண்டாதீர்கள், அது ஒருவருடைய வயல். ஜூனியில் பழைய மாவு மில்லில் நடக்கும் அதிமதுர மிட்டாய்த் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு, கங்காருக்கள் சாலைக்கு வரும் அந்திக்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

வரும்போது ஒரு பிடி கறிவேப்பிலை கிடைத்தால் நல்லது. என் செடி இந்த ஜூலை உறைபனியிலும் கருகிவிட்டது.

இப்படிக்கு,
வாகாவாசி ஒருவன்