மார்பகக் கட்டியோடு வரும் பெண்களுக்கு 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்யக் கோரும் மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் கல்வராயன் மலை அடிவாரக் கிராமங்களைச் சேர்ந்த மகளிர் சுய உதவிக் குழுவினர். மரவள்ளிக் காட்டிலும் நூறு நாள் வேலையிலும் பாடுபடுகிறவர்கள். கிராமத்துப் பெண்கள் மார்பகப் புற்றுநோயை முற்றவிட்டுத்தான் வருகிறார்கள், விழிப்புணர்வு இல்லை என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

கட்டி இருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். குளிக்கும்போது கொட்டைப்பாக்கு அளவில் கைக்குத் தட்டுப்படுகிறது. வலிப்பதில்லை, அதுதான் ஆபத்து. பால் கட்டியாக இருக்கும், பற்றுப் போட்டால் கரைந்துவிடும் என்பார்கள் மூத்தவர்கள். அறுவடை முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று நாள் தள்ளிப்போகும். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சம். ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பயம் வேறு.

எங்கள் குழுவில் ஒரு அக்கா இத்தனையையும் தாண்டித்தான் மருத்துவமனைக்குப் போனார். ஸ்கேனுக்கு இன்னொரு நாள், சதைப் பரிசோதனைக்கு வேறு ஊர், முடிவு வாங்க மறுபடி அலைச்சல். ஒவ்வொரு முறையும் பஸ் செலவோடு கூலியும் போனது. நடுவில் நின்றுவிட்டார். ஏன் வரவில்லை என்று கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. பிறகு நாங்கள் அழைத்துப்போனபோது கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது, மாற்ற மாற்றத் துணி நனைந்தது. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது.

முதலில் காட்ட வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வழிகாட்டியிருக்கிறது. அந்த 60 நாளைத்தான் கேட்கிறோம். வட்டார அளவில் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, பெண் மருத்துவர், ஸ்கேன், ஊசிச் சதைப் பரிசோதனை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கச் செய்யுங்கள். கட்டி என்று பதிவான ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு செவிலியரைப் பொறுப்பாக்குங்கள். வராதவரைத் தேடிப்போவது அவர் வேலையாக இருக்கட்டும்.

ஆட்களுக்குக் குறைவில்லை. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். முறையான பயிற்சி தந்தால் மார்பகப் பரிசோதனையையும் செய்ய முடியும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 20 ஆண்டுகள் கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததிலேயே 50 வயதைக் கடந்த பெண்களிடம் இந்நோயால் வரும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருக்கிறது. மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் கருவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், சிகிச்சைக் காலம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரத்துக்கும் மேல் போகும். தினமும் ஊரிலிருந்து போய்வர முடியாது, லாட்ஜில் தங்கவும் வழியில்லை. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் சலுகை இருக்கிறது, எங்கள் மலையடிவாரத்துக்கு ரயில் இல்லை. மருத்துவமனை அருகே இருவர் தங்க இடமும் சாப்பாடும், இருவருக்கும் இலவசப் பேருந்துச் சீட்டும், சிகிச்சை முடியும்வரை மாத உதவித்தொகையும் வேண்டும். கீமோ இரண்டு முறை ஏற்றியதும் பாதியில் விட்டுவிடுகிற பெண்கள் இவை இல்லாமல்தான் விடுகிறார்கள்.

எங்கள் வட்டாரத்திலேயே முதலில் தொடங்கிப் பார்க்கலாம். பெண்களைத் திரட்டி அழைத்துவருவதும் உடன் துணைக்குப் போவதும் எங்கள் பொறுப்பு. குழு உறுப்பினர்களின் கையெழுத்துகளை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
மகளிர் சுய உதவிக் குழுவினர்,
கல்வராயன் மலை அடிவாரக் கிராமங்கள்.