ஞாயிறு காஞ்சிபுரம்: படிச்சுட்டு பதில் போடுங்க

வர்ற ஞாயிறு காலை 5.30க்குத் தாம்பரத்துல இருந்து வேன். லேட்டானா நேரா காஞ்சிக்கு பஸ் பிடிச்சு வந்துடுங்க, நிக்க மாட்டோம்.

இந்த அவசரம் கைலாசநாதருக்காகத்தான். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ராஜசிம்ம பல்லவன் கட்டின மணற்கல் கோயில். திருச்சுற்றைச் சுத்தி 58 குட்டி சன்னதி, சிலதுல பழைய ஓவியத்தோட வண்ணம் இன்னும் தெரியும். செல்ஃபிக்காக சுவர்ல சாயாதீங்க, ப்ளீஸ். காலை வெயில் சாய்வா விழும்போதுதான் சிற்பமெல்லாம் எடுப்பாத் தெரியும், கூட்டமும் இருக்காது.

அடுத்து வைகுண்டப் பெருமாள். பல்லவர் வரலாறே அங்க சுவர்ல வரிசையா செதுக்கியிருக்கு. அவசரப்படுத்தாம பார்க்கலாம்.

மதியம் 12 மணிவாக்குல நடை சாத்தினா 4 மணிக்குத்தான் திறப்பாங்க. நடுவுல சாப்பாடு, பட்டுக்கடை. கடைக்கு ஒரு மணி நேரம்தான் (யாரைச் சொல்றேன்னு அவங்களுக்கே தெரியும்). ரோட்டுல யாராவது "தறிக்கே கூட்டிட்டுப் போறேன்"னா நம்பிப் போகாதீங்க, கமிஷனும் சேர்ந்துதான் விலை.

சாயந்திரம் வரதராஜர், நூற்றுக்கால் மண்டபம், கல் சங்கிலி. மிளகு, சீரகம், சுக்கு போட்ட கோயில் இட்லி கிடைச்சா விடக்கூடாது.

வேட்டி, சுடிதார், புடவை எதுவும் ஓகே, ஷார்ட்ஸ் வேண்டாம். எத்தனை பேர்னு வியாழன் ராத்திரிக்குள்ள சொல்லுங்க, வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும்.