குரூட் தீவுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள குரூட் தீவில், அங்குருகு ஊரில், எம்ஜேடி (மச்சாடோ-ஜோசப் நோய், உடம்பின் கட்டுப்பாட்டை மெல்ல மெல்லப் பறிக்கும் பரம்பரை நரம்பு நோய்) உள்ள நாற்பது வயதுப் பழங்குடிக்காரர் ஒருவருக்கு என்டிஐஎஸ் (அரசின் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டம்) உதவித் திட்டம் தயாரிக்கும் வேலை உனக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவர் பெயரை எழுதாமல் விட்டது சரி. முதல் சந்திப்பில் எந்தப் படிவத்தை நிரப்புவது என்று கேட்டிருக்கிறாய். ஒன்றையும் நிரப்பாதே. முதல் தடவை சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வா.

படிவம் எடுத்த எடுப்பிலேயே "உங்கள் இலக்குகள் என்ன?" என்று கேட்கும். அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டால், வந்தவர் மனம் நோகக் கூடாது என்றோ, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றோ அங்கே பலர் "ஆமாம்" என்றுவிடுவார்கள். டார்வின் நகரத்துக்குக் குடிபோகச் சம்மதமா? ஆமாம். வெளி ஆள் வந்து குளிப்பாட்டலாமா? ஆமாம். கடைசியில் அவர் வாயால் உன் திட்டத்தைத்தான் எழுதி வந்திருப்பாய். அதனால் நேற்றைய நாளைப் பற்றிக் கேள். காலையில் யார் எழுப்பினார்கள், எந்த மரத்தடியில் உட்கார்ந்தார், எந்த இடத்தில் தடுமாறினார், யார் தூக்கினார்கள், என்ன சாப்பிட்டார். கேட்டுவிட்டுக் காத்திரு. அவர் மௌனத்துக்கு இரண்டு காரணம் உண்டு. யோசித்துப் பேசுவது அவர்கள் வழக்கம். கூடவே, இந்த நோய் நாக்கையும் உதட்டையும் மந்தமாக்கும். அவர் வாய் திறப்பதற்குள் நீ பேசிவிட்டால் இரண்டையும் மிதித்துவிடுவாய். பேச்சு குழறுவதை வைத்து அறிவை எடைபோடாதே. எம்ஜேடியில் உடம்பு தளர்ந்தாலும் புரிந்துகொள்ளும் சக்தி பெரும்பாலும் குறையாமல் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளரை அபோரிஜினல் இன்டர்பிரெட்டர் சர்வீஸ் (பழங்குடி மொழிகளுக்கான அரசு மொழிபெயர்ப்புச் சேவை) மூலம் முன்கூட்டியே ஏற்பாடு செய். அந்தத் தீவின் மொழியான அனிந்தில்யாக்வா தெரிந்த யாராவது போதும் என்று நினைத்துவிடாதே. யார் யாருடன் நேராகப் பேசக்கூடாது, ஒரே அறையில் இருக்கக்கூடாது என்று உறவுமுறை விதிகள் அங்கே கண்டிப்பானவை. மாமியார் மருமகன் உறவிலும், வளர்ந்த அண்ணன் தங்கை உறவிலும் ஒதுங்கி நிற்பது முறை. வரப்போகிற மொழிபெயர்ப்பாளர் அவருக்கு என்ன உறவு என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிப்பறை உதவி எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) "ஒரு பணியாளர், 2 மணி நேரம்" என்று மட்டும் இருந்தால், வரக்கூடாத உறவுக்காரர் வந்து நிற்பார், இவர் குளிக்காமலே இருப்பார், "சேவையை மறுத்தார்" என்று குறிப்பு எழுதப்படும். எந்த வேலையை யார் செய்யலாம், யார் செய்யவே கூடாது என்பதைத் திட்டத்திலேயே எழுது.

இந்த நோயில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. அடுத்த தலைமுறைக்கு இன்னும் இளவயதிலேயே தொடங்குவது வழக்கம். இன்று அவரைத் தூக்கி உட்காரவைக்கும் தம்பிக்குப் பத்து வருடம் கழித்து அதே சக்கர நாற்காலி தேவைப்படலாம். என்டிஐஎஸ் ஆளுக்கு ஒரு திட்டம்தான் போடும், வீட்டைப் பார்க்காது. நீ பார். "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்ற ஒரு வரியில் பராமரிப்பு நேரத்தை வெட்ட வருவார்கள். தூக்குகிறவருக்கும் தள்ளாட்டம் தொடங்கியிருக்கிறதா என்று கேள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுது. பரிசோதனை செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் அவரவர் உரிமை. அதைப் பற்றி நீயாகப் பேச்செடுக்காதே.

உறவினருக்கே சம்பளம் தருவதை என்டிஐஎஸ் விதிவிலக்காகத்தான் அனுமதிக்கும். பண்பாட்டுக் காரணம் அந்த விதிவிலக்குகளில் ஒன்று, அதனால் காரணத்தை விவரமாக எழுது. உள்ளூர் அமைப்பு ஒன்று அந்த உறவினரைப் பணியாளராகச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அதற்குப் பணியாளர் சோதனைச் சான்று (பின்னணியைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அந்த இடத்தில் பலர் முடங்கிவிடுகிறார்கள். முதல் வாரமே அந்த வேலையைத் தொடங்கு.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான். விழுங்கும் தசை தளர்ந்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவாக முடியும். பேச்சு சிகிச்சையாளர் பானத்துக்கு ஒரு கெட்டி அளவு சொல்லுவார், ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோலில் இன்ன நிலை என்று. அதை வீட்டில் சரிபார்க்க 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று போதும். ஊசி வேண்டாம், உள்தண்டை உருவிவிடு. முனையை விரலால் அடைத்து 10 மில்லி வரை ஊற்றி, விரலை எடுத்து 10 வினாடி ஓடவிட்டு மறுபடி அடை. 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஓடியிருந்தால் நிலை 3. சிரிஞ்சில் 0 முதல் 10 வரையுள்ள கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், வேறு சிரிஞ்ச் தவறான முடிவு காட்டும். குடிக்கிற சூட்டிலேயே சோதிக்கச் சொல். டீ ஆறும்போது அதன் கெட்டி மாறும். நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது.

பயத்தில் மீனும் ஆமைக்கறியும் வேண்டாம் என்று சொல்லி, கிண்ணத்தில் தயிரைக் கொடுத்துவிடுவார்கள். அவர் வெறுத்துப்போய்ச் சாப்பிடுவதை விடுவார், ஏற்கெனவே இளைக்கும் உடம்பு இன்னும் இளைக்கும். சிகிச்சையாளர் முன்னால் அவருக்குப் பிடித்த கறியையே வைத்துப் பார்க்கச் சொல். அதே அளவுகோலில் உணவுக்கு நிலை 5 என்று சொன்னால் துண்டின் அகலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஈரமாக இருக்க வேண்டும். சாதாரண முள்கரண்டியின் பல்லிடுக்கும் அதே அளவுதான். வீட்டில் யார் கறி நறுக்குகிறாரோ அவர் கையில் முள்கரண்டியைக் கொடுத்துக் காட்டு. சுவரில் ஒட்டும் காகிதத்தால் ஒன்றும் நடக்காது.

சக்கர நாற்காலியை இன்றைய உடம்புக்கு அளவெடுத்தால் வந்து சேரும்போது பொருந்தாது. 15,000 டாலருக்கு மேற்பட்ட உபகரணத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை, விலைப்பட்டியல், ஒப்புதல், பிறகு கப்பல் என்று காலம் ஓடும், நோய் காத்திருக்காது. முழு இருக்கையும் பின்சாயும் வகையைக் கேள். முன்சக்கரம் அகலமாக இருக்கட்டும், ஒல்லிச் சக்கரம் மணலில் புதையும். உப்புக்காற்று பேரிங்கைத் துரு ஏற்றிவிடும், ஆகவே பழுதுபார்ப்புக்கும் மாற்று நாற்காலிக்கும் தனியாகப் பணம் கேள். இடுப்புப் பட்டை உட்காரும் நிலைக்காகவா, எழுந்து போகாமல் தடுக்கவா என்பதைச் சிகிச்சையாளர் எழுத்தில் தர வேண்டும். தடுக்க என்றால் அது கட்டுப்பாட்டு நடைமுறை, அதற்கு வேறு விதிகள்.

மின்சார மீட்டரைப் பார்த்துவிட்டு வா. தொலைதூரச் சமூகங்களில் பல வீடுகளில் முன்பணம் கட்டும் மீட்டர். பணம் தீர்ந்தால் கரண்ட் நிற்கும், படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை இறங்கும், விடிவதற்குள் இடுப்பெலும்பு பலகையில் அழுந்திப் புண் ஆரம்பிக்கும். காற்று போனாலும் அடியில் ஃபோம் தாங்கும் மெத்தையாகக் கேள்.

மிகத் தொலைதூரப் பகுதிக்கு என்டிஐஎஸ் விலை வரம்பு 50 சதவீதம் கூடுதல். அதே சேவைக்கு அதிகம் கழியும், பணம் சீக்கிரம் கரையும். சிகிச்சையாளர் டார்வினிலிருந்து வரும் பயணச் செலவும் சிகிச்சைப் பணத்திலேயே போகும். தீவில் இன்னும் சிலருக்கு அதே சிகிச்சையாளர் தேவைப்பட்டால் ஒரே பயணத்தில் சேர்த்துச் செலவைப் பிரிக்கச் சொல்.

ஊரில் சாவு விழுந்தால், அங்கே சாரி பிசினஸ் என்பார்கள், எல்லாம் நிற்கும். சந்திப்பை நீயே தள்ளிவை. இறந்தவர் பெயரைச் சொல்லாதே. குடும்பம் அந்த வீட்டை விட்டு வேறு வீட்டுக்குப் போகலாம், கட்டில், ஆளைத் தூக்கும் கருவி, மெத்தை எல்லாம் கூடவே போக வேண்டும். சுவரில் பொருத்தியது போகாது. ஈமச் சடங்குக்கு அவரை அழைத்துப்போக வண்டியும் ஆளும் திட்டத்தில் தனி வரியாக இருக்கட்டும்.

கேட்டது கிடைக்காவிட்டால் 3 மாதத்துக்குள் உள் மறுஆய்வு கேட்கலாம். அதுவும் சரியில்லை என்றால் 28 நாளில் தீர்ப்பாயம். தேதிகளைக் குறித்து வை.

ஒன்று மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பேச்சு தெளிவாக இருக்கும்போதே அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். பேசும் கருவிகளில் வரும் தயார்க் குரல் ஆங்கிலக் குரல், அவர் பேரப்பிள்ளைகளிடம் அதில் பேச முடியாது. அனிந்தில்யாக்வாவில், அவர் வாயால்: வலது இடுப்பு வலிக்கிறது, திருப்பிப் படுக்கவை, கடற்கரைக்குப் போகலாம், வேண்டாம், நாயை வெளியே விரட்டு, பிள்ளைகளை அவர் அழைக்கும் செல்லப் பெயர்கள். பதிவதற்கு முன்பே, அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் குரல் யாரிடம் இருக்க வேண்டும், எவ்வளவு நாள் யாரும் கேட்காமல் மூடிவைக்க வேண்டும் என்று அவரிடமும் பெரியவர்களிடமும் கேட்டு, சொன்னபடியே எழுதி வை.

அன்புடன்,
அம்மா