டோடோவை விடுங்கள், உயிரோடு இருப்பதைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் டோடோ பறவைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். படம் அழகு, எழுத்தும் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் எனக்கு ஒரு குறை. மொரீஷியஸ் என்றால் நம் பத்திரிகைகளுக்கு மூன்று விஷயம்தான் தெரியும் போலிருக்கிறது: ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை, அப்புறம் டோடோ அழிந்துபோனது. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள், கப்பலோடு எலியும் பன்றியும் குரங்கும் வந்தன, கடைசியாக அந்தப் பறவையைப் பார்த்ததாகப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது 1662. இதையே எத்தனை தடவை படிப்பது? அதே தீவில் அழியவேண்டியது கடைசி நேரத்தில் பிழைத்துக்கொண்ட பறவைகள் இருக்கின்றன, பிழைக்கவைத்தவர்கள் இன்றும் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் முழுப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

நான் சொல்வது மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனை. 1984இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத அமைப்பு. அந்த நாட்டின் தேசியப் பூங்காத் துறையோடும், ஜெர்சித் தீவில் இயற்கையியலாளர் ஜெரால்ட் டரல் தொடங்கிய அறக்கட்டளையோடும் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

மொரீஷியஸ் கெஸ்ட்ரல் என்று ஒரு சின்ன வல்லூறு. காடு போனது ஒரு பக்கம், மலேரியாவுக்கும் பயிருக்கும் அடித்த டிடிடி பூச்சிமருந்து இன்னொரு பக்கம், 1974இல் காட்டில் தெரிந்தவரை நான்கே நான்கு பறவைகள்தான் மிச்சம். கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் அந்தப் பத்தாண்டின் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தபோது, இனி இதில் பணத்தைக் கொட்டிப் பயனில்லை என்று நினைத்தவர்கள்தான் அதிகம். அவர் செய்தது கேட்க எளிதாக இருக்கும்: பறவை இட்ட முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் அது மறுபடியும் இடும், எடுத்த முட்டைகளை இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்துக் காட்டில் விடலாம், காட்டில் இருக்கும் தாய்க்கு வெள்ளெலியைத் தீனியாகக் கொடுத்தால் அது அடுத்த ஈட்டுக்குத் தெம்பாக இருக்கும். மலைச்சரிவில் ஏறி இறங்கி, வருடக்கணக்கில் இதைச் செய்து பார்த்தால்தான் எவ்வளவு பாடு என்று தெரியும். 1990களின் நடுவில் பறவைகள் தாமாகவே பெருகும் என்ற நிலை வந்து, கூண்டு வளர்ப்பையும் நிறுத்திவிட்டார்கள். 2022இல் அதை நாட்டின் தேசியப் பறவையாகவே அறிவித்தார்கள்.

அத்தோடு சுபம் போட்டுவிட முடியாது. 2014இல் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இதே பறவையை அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பிரிவுக்குத் திரும்ப மாற்றினார்கள், எண்ணிக்கை இறங்கியிருந்தது. இளஞ்சிவப்புப் புறாவும் அப்படித்தான், 1990 வாக்கில் காட்டில் பத்துப் பறவைதான் இருந்தது, இப்போது சில நூறு இருக்கிறது, ஆனால் அதற்கு இன்றும் தானியம் வைக்கவேண்டியிருக்கிறது, கூடு பக்கம் எலியும் பூனையும் வராமல் பொறி வைக்கவேண்டியிருக்கிறது, குஞ்சுகளைக் கொல்லும் தொண்டை நோயைக் கவனிக்கவேண்டியிருக்கிறது. காரணம் ரொம்பச் சாதாரணம்: தீவின் நல்ல இயற்கைக் காடு இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம், அதற்குள்ளும் சீனக் கொய்யாவும் விசிறி வாழையும் புகுந்து அடைத்துக்கொண்டிருக்கின்றன. எலியைப் பிடிப்பதற்கு என்று 1900இல் கொண்டுவந்து விட்ட கீரி, பறவைக் குஞ்சையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆகவே களை பிடுங்குவது, பொறி வைப்பது, தீனி போடுவது, எண்ணுவது, மறுநாள் அதையே திரும்பச் செய்வது. பத்திரிகைக்குப் படம் கிடைக்காத வேலை, அதனால்தானோ என்னவோ யாரும் எழுதுவதில்லை.

தென்கிழக்குக் கரைக்குப் பக்கத்தில் ஈல் ஓ எக்ரெட் என்று 26 ஹெக்டேர் பவளப்பாறைத் தீவு ஒன்று இருக்கிறது. அந்தப் பகுதிக் கடலோரக் கருங்காலிக் காட்டின் மிச்சம் அதில்தான் இருக்கிறது, அதையும் விறகுக்கு வெட்டித் தீர்க்கப் பார்த்தார்கள். அமைப்பு அதைப் பொறுப்பேற்று, ஆடும் எலியும் இல்லாமல் செய்து, நாற்றங்கால் போட்டு மரம் நட்டது. அப்புறம் 2000இல் ஒரு காரியம் செய்தார்கள், எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான்: மொரீஷியஸின் சொந்த ராட்சத ஆமைகள் அழிந்து ரொம்ப நாளாகிவிட்டதால், சீஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆமை கருங்காலிப் பழத்தைத் தின்று வேறு இடத்தில் எச்சம் போட, விதை நன்றாகவே முளைத்தது. செத்துப்போன ஆமையின் வேலையை அதன் தூரத்துச் சொந்தம் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. எலியை ஒழித்தவர்களால் அதே தீவில் மூஞ்சூறை மட்டும் ஒழிக்க முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும், நம் வீட்டு மூலையில் கீச்சிட்டுக்கொண்டு ஓடுமே, அதே மூஞ்சூறுதான், பிள்ளையாரின் வாகனத்தை யாரால் அசைக்க முடியும்!

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் பக்கத்திலேயே பவளப்பாறையில் தட்டி நின்று, ஆகஸ்டில் எண்ணெய் கசிந்து இந்தத் தீவின் கரையிலும் ஒட்டியது. அமைப்பின் ஆட்கள் நாற்றங்கால் செடிகளையும் அரிய பறவைகள் சிலவற்றையும் படகில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள், ஊர் மக்கள் கரும்புச் சோகையை அடைத்து மிதவைத் தடுப்பு செய்து கடலில் போட்டார்கள். அப்போது உங்கள் பத்திரிகையிலும் செய்தி வந்தது, கப்பலைப் பற்றி.

இந்த அமைப்பு எல்லோருக்கும் நல்ல பிள்ளை என்றும் சொல்லமாட்டேன். 2015இல் அரசு பழந்தின்னி வௌவால்களைச் சுட்டுக்கொல்ல முடிவெடுத்தது, லிச்சியும் மாம்பழமும் போகிறது என்று விவசாயிகள் கேட்டார்கள், முப்பதாயிரத்துக்கும் மேல் கொன்றார்கள். அமைப்பு எதிர்த்தது. விவசாயியின் நஷ்டம் பொய் இல்லை, மரத்துக்கு வலை கட்டக் காசு வேண்டும், அது எல்லோரிடமும் இல்லை. ஆனால் வேறு எங்கும் அதிகம் இல்லாத ஒரு வௌவால், காட்டு மரங்களுக்கு விதை பரப்புகிற பிராணி, அதைக் கொன்று பழத்தைக் காப்பாற்ற முடியாது என்று அவர்கள் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. அடுத்த ஆண்டும் சுட்டார்கள், 2018இல் அந்த வௌவாலும் அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றே மூன்று வருடத்தில்.

உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில் அமெரிக்க நிறுவனம் ஒன்று மரபணு வேலை செய்து டோடோவை மறுபடியும் கொண்டுவரப்போகிறது என்று உற்சாகமாக எழுதியிருந்தீர்கள். அந்த கொலோசல் நிறுவனம் 2023இல் மொரீஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷனோடுதான் கூட்டுச் சேர்ந்தது, அதையும் நீங்கள் எழுதவில்லை. பணமும் கருவியும் வந்து அதில் ஒரு பகுதி இளஞ்சிவப்புப் புறாவுக்குப் போனால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அப்படி ஒரு பறவை வந்தால் அதை எந்தக் காட்டில் விடுவது, அதன் முட்டையை எலியிடமிருந்து யார் காப்பது? அதற்கும் இந்தக் களை பிடுங்குகிறவர்களும் பொறி வைக்கிறவர்களும்தான் வரவேண்டும்.

இன்னொன்று. டோடோவின் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் தம்பலகோக் மரத்தின் விதை முளைக்கும், டோடோ போனதால் மரமும் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். 1977இல் ஒரு அமெரிக்க விஞ்ஞானி வான்கோழிக்கு விதையை ஊட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது அது. அப்புறம் டோடோ அழிந்த பிறகு முளைத்த இளமரங்கள் இருப்பதும், பறவை வயிற்றுக்குப் போகாமலே விதை முளைப்பதும் தெரிந்து, வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்துவிட்டார்கள். அந்த வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்கள், சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்