ஹெட் கேஸ்கெட் இல்லாத இன்ஜின்

அன்புள்ள வேலு,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? உன் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் பொய்தான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. பேத்திக்குப் பல் முளைத்திருக்கிறது. குடும்பச் செய்தி இவ்வளவுதான், விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் இந்த இண்டியானாபொலிஸ் கார் பந்தயக் களத்து அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். 4 கிலோமீட்டர் சுற்று உள்ள ஓவல். அதன் நடுவில்தான் கட்டடம், பக்கத்திலேயே கோல்ஃப் மைதானமும் உண்டு. சோழவரத்தில் வெயிலில் கருகி, ஜானகிராமன் செருப்பைத் தொலைத்த கூட்டத்தில் பந்தயம் பார்த்த எனக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று மகள் சொன்னாள். பாவம், கடைசியில் அவளும் மாப்பிள்ளையும் உட்கார இடம் தேடிப் போய்விட்டார்கள்.

இங்கே வருடா வருடம் நடக்கும் 500 மைல் பந்தயம் முதன்முதலில் 1911இல் நடந்தது. அதில் ஜெயித்த மார்மன் வாஸ்ப் இங்கே இருக்கிறது. மஞ்சள் நிறம், 32ஆம் எண், கூர்மையான வால். மற்றவர்கள் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்காரவைத்து ஓட்டியபோது, ரே ஹாரூன் தனியாக ஓட்டினார். பின்னால் வருகிறவனைப் பார்க்க யார் என்று மற்றவர்கள் கேட்க, இவர் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். 500 மைலையும் சராசரி மணிக்கு 120 கிலோமீட்டரில் முடித்தார். ஆனால் செங்கல் பதித்த தளம் கொடுத்த அதிர்வில் அந்தக் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னாராம். உன் பழைய மொபெட்டின் கண்ணாடி மாதிரிதான். சட்டம் கேட்டது, மாட்டினோம், அவ்வளவுதான்.

சரி, உனக்கு எழுத உட்கார்ந்ததே ஆஃபன்ஹவுசர் என்ற பந்தயக் கார் இன்ஜினுக்காக. இங்கே சுருக்கமாக ‘ஆஃபி’ என்கிறார்கள். நாலு சிலிண்டர், வால்வுகளைத் திறக்க மேலே இரண்டு கேம்ஷாஃப்ட், ஏறக்குறைய 4.2 லிட்டர். பார்வைக்கு அதில் ஒன்றுமில்லை. நெட்டையாக, ஒல்லியாக, நம் மீசை வாத்தியார் மாதிரி விறைப்பாக நிற்கிறது. ஆனால் வேலு, அதில் ஹெட் கேஸ்கெட் கிடையாது! சிலிண்டர் உள்ள பிளாக்குக்கும் அதை மூடும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் இருக்க வைக்கிற அந்தத் தகடே வேண்டாம். ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. வாழ்நாள் முழுக்க நீ ‘கேஸ்கெட் போயிருச்சு’ என்று சொல்லியே வீடு கட்டியவன். இந்த இன்ஜின் ஊருக்கெல்லாம் வந்திருந்தால் உனக்கு மாடி எழும்பியிருக்காது.

அப்புறம் வால்வு மூடும்போது உட்காரும் சீட்டை எப்படிக் கடைவது என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். பிளாக்கைக் கழற்றிக் கவிழ்த்து, சிலிண்டர் துளைக்குள் கைவிட்டு அடியிலிருந்துதான் கடைய வேண்டும். கிராங்க் தண்டு சுழலும் கூடு, அதான் கிராங்க் கேஸ், அதுவும் பாதியாகப் பிளக்காது. முழுப் பீப்பாய். பேரிங் தாங்கிகளைக் கிராங்கில் பூட்டி, மொத்தத்தையும் ஒரு முனையிலிருந்து உள்ளே தள்ள வேண்டும். நம் பட்டறைப் பையன்களிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் மறுநாள் லீவு போடுவார்கள்.

இது வந்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1913இல் இங்கே ஜெயித்தது பிரான்ஸின் பெஜோ கார். இரட்டைக் கேம், சிலிண்டருக்கு நாலு வால்வு. அப்படிப்பட்ட ஒரு பெஜோ காரை பாப் பர்மன் என்ற ஓட்டுநர் வைத்திருந்தார். இன்ஜின் உடைந்துபோனது. ஐரோப்பாவில் போர், பாகம் வராது. லாஸ் ஏஞ்சலிஸில் ஹாரி மில்லரின் பட்டறைக்குக் கொண்டுபோனார். மில்லர் பட்டறை அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தது, கட்டும்போதே பாடமும் படித்துக்கொண்டது. அங்கே வேலை செய்த ஃபிரெட் ஆஃபன்ஹவுசர்தான், 1933இல் மில்லர் திவாலானதும், மிஷின்களையும் வார்ப்பு அச்சுகளையும் வாங்கித் தொழிலைத் தொடர்ந்தார். படகுக்காக மில்லர் செய்த நாலு சிலிண்டர் இன்ஜினிலிருந்து வளர்ந்ததுதான் ஆஃபி. ரிப்பேருக்கு வந்த வண்டியைப் பார்த்துத் தொழில் கற்கும் வித்தை நம் கோவை கணபதிப் பட்டறைக்காரர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நீ பெருமையடிப்பாயே!

1947 முதல் 1964 வரை ஒரு வருடம் விடாமல், 18 பந்தயமும் ஆஃபிக்கே. 1965இல் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் வந்தார். பின்பக்கம் இன்ஜின், ஃபோர்டு வி8. ஜெயித்துவிட்டுப் போய்விட்டார். ஆஃபி கம்பெனியில் பங்காளியாக இருந்த லூயி மேயர், மூன்று முறை இங்கே ஜெயித்தவர், அவரே ஃபோர்டு பக்கம் போய்விட்டார். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் இன்ஜின் அளவைச் சிறிதாக்கி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவை மாட்டினார்கள். டர்போ அழுத்தத்தில் மற்ற இன்ஜின்களில் முதலில் போவது எது? கேஸ்கெட். இதில்தான் அது இல்லையே! 1968இல் பாபி அன்சர் ஜெயித்தார். 1972 முதல் 1976 வரை மறுபடி வரிசையாக ஆஃபிதான். 2.6 லிட்டரில் 1000 குதிரைத்திறன் வரை இழுத்தார்களாம்.

இப்போது கோபப்படாமல் படி. உன் ரவி எனக்குப் போன் செய்தான். இரண்டு மாதமாக நீ அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாமே. தேய்ந்த சிலிண்டரைத் திரும்பக் கடையும் ரீபோர் வேலை குறைந்துவிட்டது, மின்சார வண்டிக்கு மோட்டார் கூடு கடையும் ஆர்டர் கிடைக்கிறது, அப்பா கேட்க மாட்டேன் என்கிறார் என்றான். போரிங் மிஷினை இரும்பு விலைக்குப் போடலாம் என்று அவன் சொன்னது எனக்கும் பிடிக்கவில்லை, அதை அவனிடமே கடுமையாகச் சொல்லிவிட்டேன். ஆனால் ஆர்டர் விஷயத்தில் அவன் பக்கம்தான் நான். துளை வட்டமாக இருக்கிறதா என்று விரல் வைத்துச் சொல்கிறவன் நீ. மோட்டார் கூட்டிலும் துளை துளைதான். அதை அவனுக்கு நீ சொல்லித்தராமல் வேறு யார் சொல்லித்தருவார்கள்? உனக்கு அறுபத்தெட்டு வயது. வீம்புக்கு இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கிறாய்?

டீசலும் இங்கே உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1952இல் கம்மின்ஸ் டீசல் கார் ஒன்று எல்லோரையும் முந்தி முதல் இடத்திலிருந்து கிளம்பியது. டர்போ வாயில் ரப்பர்த் துணுக்குகள் அடைத்து, 71 சுற்றில் நின்றுவிட்டது. உன் மச்சானிடம் சொல், ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்லி நாம் கத்துவது சும்மா இல்லை என்று.

அடுத்த மாதக் கடைசியில் ஊருக்கு வருகிறேன். ரவியிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் பேசிவிட்டு எனக்கு எழுது. முழுக் கடிதம் வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை மட்டும் அனுப்பினால் உன் வீட்டம்மாவிடம் ஜாங்கிரி விஷயத்தைச் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
மணி